ஒற்றைப்படைக்கு ஊசி, இரட்டைப்படைக்கு உப்புத் தண்ணீர்

எங்கள் பெரிய டாக்டருக்கு நோயாளிகளின் மூத்திரத்தின் மேல் திடீரென்று ஒரு பிரியம் வந்தது. நான் திருப்பூரில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம், எழுபதுகளின் தொடக்கம். அதுவரைக்கும் வார்டுக்குள் வரும்போது கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நடந்த மனிதர் அவர். படுக்கைக்குக் கீழே இருக்கும் மூத்திரத் தட்டை நாங்கள் மூடாமல் விட்டிருந்தால் முகத்தைச் சுளித்து, "சிஸ்டர், இதென்ன மாட்டுத் தொழுவமா?" என்று கேட்பார். அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை காலையில் இரண்டு பெரிய கண்ணாடி அளவுக் குடுவைகளைக் கையில் ஏந்திக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்புக்குப் பழத்தட்டு கொண்டுவருகிற மாதிரி வார்டுக்குள் வந்தார்.

"இனிமே ஒரு சொட்டு வீணாகக் கூடாது" என்றார். "எல்லாத்தையும் அளந்து எழுதோணும்."

அவருக்குப் பின்னால் கழுத்தில் டை கட்டிய ஒரு ஆள் நின்றிருந்தார். மெட்ராஸிலிருந்து வந்த மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. சித்திரை வெயிலில் டை கட்டிக்கொண்டு திருப்பூருக்குள் நடக்கிற ஆள் அந்த நாளில் அவர் ஒருவர்தான். பனியன் கம்பெனிக்காரர்கள் கூடத் தாங்கள் தைத்த பனியனோடுதான் கடை வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். இவர் வேர்த்து வழிந்தபடி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

விஷயம் இதுதான். மூத்திரத்தைப் பெருக்குகிற ஒரு மருந்து வந்திருந்தது. இருதயம் பலவீனமாகி, காலும் நெஞ்சும் நீர் கோத்து மூச்சுத் திணறுகிறவர்களுக்கு அதைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் நீர் இறங்கிவிடும். அதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். நல்ல மருந்து, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பெரிய டாக்டரும் பிரதிநிதியும் யோசித்தது வேறு. பேதியிலோ, பாம்புக் கடியிலோ, பிரசவக் கோளாறிலோ திடீரென்று கிட்னி நின்றுபோய் மூத்திரமே வராமல் கிடக்கிறவர்களுக்கு இதே மருந்தை மிக அதிக அளவில் போட்டால் கிட்னி மறுபடி வேலை செய்யுமா என்று பார்க்க வேண்டும். பார்த்ததைக் கட்டுரையாக எழுதி, மெட்ராஸில் நடக்கும் டாக்டர்கள் மாநாட்டில் படிக்க வேண்டும். இந்த இரண்டில் எது அவருக்கு முக்கியம் என்று எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. மாநாட்டுக்குக் கோட்டுத் தைக்க அந்த வாரமே அளவு கொடுத்துவிட்டார். நோயாளி ஒருவர்கூட அப்போது வந்து சேரவில்லை.

ஏற்பாடு பார்ப்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கிட்னி நின்றுபோய் வருகிறவர்களுக்கு வருகிற வரிசைப்படி எண் கொடுக்க வேண்டும். ஒற்றைப்படை எண்ணுக்கு மருந்து. இரட்டைப்படை எண்ணுக்கு அதே அளவு உப்புத் தண்ணீர். மற்ற வைத்தியமெல்லாம் இரண்டு பேருக்கும் ஒன்றே. எந்த வரிசையில் மூத்திரம் சீக்கிரம் வருகிறது, எந்த வரிசையில் ஆள் பிழைக்கிறார் என்று பார்க்க வேண்டும். எண் போடுகிற நோட்டு என் கையில் இருந்தது. நோயாளியிடமோ வீட்டாரிடமோ யாரும் எதையும் கேட்கவில்லை. "புது ஊசி வந்திருக்கு" என்று சொன்னால் போதும், கும்பிட்டார்கள். இரட்டைப்படைக்காரர்களும் கும்பிட்டார்கள்.

முதல் எண் ஒரு சாயப்பட்டறைக்காரர். வாந்தி பேதியில் வந்தவர். மருந்து போட்டோம், ஓரளவு மூத்திரம் வந்தது, பெரிய டாக்டர் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிரதிநிதி பக்கத்தில் நின்று, "பியூட்டிஃபுல் சார்" என்றார். நான் இருபத்துநாலு வயதுப் பெண். சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டைக் கழுவப் போய்விட்டேன். அந்த மனிதர் மூன்றாம் நாள் இறந்துபோனார். குடுவையில் வந்தது வந்ததுதான். ரத்தத்தில் யூரியா என்கிற கழிவு ஏறிக்கொண்டே இருந்தது. லேபிலிருந்து வந்த சீட்டைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். பெரிய டாக்டர் குடுவையைத்தான் பார்த்தார்.

"மருந்து வேலை செய்யறதுக்கு இவருக்கு டைம் கிடைக்கல" என்றார். "இவர் வேண்டாம். அடுத்து வர்றவரை ஒண்ணுன்னு வை."

அப்படி அந்தச் சாயப்பட்டறைக்காரர் செத்த பிறகு வராத ஆளாகவும் ஆனார்.

அவருக்குப் பதில் வேறொருவர் ஒன்றாம் எண் ஆன பிறகு, இரண்டாம் எண்ணில் வந்தது ஜின்னிங் பேக்டரியில் பஞ்சு பொறுக்குகிற பெண். அவளுக்கும் பேதிதான். வந்தபோது கண் உள்ளே போய், தோல் கிள்ளினால் கிள்ளின இடத்திலேயே நின்றது. இரட்டைப்படை என்பதால் உப்புத் தண்ணீர். அவளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டம்ளர்கூட மூத்திரம் வரவில்லை. அதற்கேற்ற மாதிரி தண்ணீரையும் அளந்துதான் கொடுத்தோம். தாகத்தில் ஈரத்துணியை உறிஞ்சிக்கொண்டு கிடந்தாள். பத்து நாள் போனது. பதினோராம் நாள் காலையில் தட்டு நிறைய வந்தது. மறுநாள் குடுவை நிரம்பி, இரண்டாம் குடுவையும் நிரம்பியது. நின்றுபோன கிட்னி உயிர் தங்கினால் இரண்டாவது வாரத்தில் தானாகத் திறந்துகொள்ளும். அது பழைய சிஸ்டர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவள் எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். ஒரு நோயாளி பிழைத்ததற்காக ஒரு டாக்டர் கோபப்பட்டதை நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"இவளுக்கு எப்படி வந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். நான் ரகசியமாக மருந்தைப் போட்டுவிட்டேன் என்கிற மாதிரி இருந்தது கேள்வி.

"தானா வந்துச்சுங்க சார்."

"அப்படீன்னா இது ஆரம்பத்துலயே லேசான கேஸ். எடுத்துடு."

பிழைத்தவளும் போனாள். நோட்டில் நான் கிழித்த கோடுகள்தான் மிஞ்சின.

இதற்குப் பிறகு வரிசை என்பதே ஒரு வேடிக்கையாகிவிட்டது. வருகிற ஆளைப் பார்த்த பிறகுதான் எண் பிறந்தது. ஆஸ்பத்திரிக் கமிட்டியில் இருந்த மில் முதலாளியின் மைத்துனர் வந்தால், நல்ல திடகாத்திரமான ஆள், அவருக்கு ஒற்றைப்படை. ஒரு நாள் மத்தியானம் ஒரு பெண்ணை மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். கருவைக் கலைப்பதற்காக யாரிடமோ போயிருக்கிறாள். உடம்பு கொதித்தது, நாடி கிடைக்கவில்லை. நோட்டின்படி அவளுக்கு வரவேண்டியது ஒற்றைப்படை. பெரிய டாக்டர் கதவருகே நின்றபடியே பார்த்துவிட்டு, "இது நிக்காது. இரட்டைல போடு" என்றார்.

போட்டேன். என் கையெழுத்தில்தான் போட்டேன். இரண்டு நாளில் அவள் போய்விட்டாள். மருந்து போடாதவர்கள் எப்படி இறந்துபோகிறார்கள் என்பதற்கு மாநாட்டில் அவள் சாட்சியாக நின்றாள். பாவம், உயிரோடு இருந்தபோது அவளுக்காகச் சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை.

இப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் ஊத்துக்குளிக்காரர் வந்தார். எருமை வளர்த்து, வெண்ணெய் எடுத்து, பாசஞ்சர் ரயிலில் திருப்பூருக்குக் கொண்டுவந்து விற்கிற குடும்பம். மாட்டுக்குப் போடச் சோளத்தட்டுப் போரிலிருந்து தட்டை உருவும்போது கண்ணாடி விரியன் கையில் போட்டுவிட்டது. விஷமுறிவு ஊசி போட்டு உயிரைக் காப்பாற்றியாகிவிட்டது. ஆனால் இரண்டாம் நாள் மூத்திரம் கருப்புக் காபி மாதிரி கொஞ்சம் வந்து, அப்புறம் நின்றுவிட்டது. நாற்பது வயதிருக்கும். நல்ல உடம்பு, இருதயம் பிரமாதம். பெரிய டாக்டர் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சந்தையில் நல்ல காளையைப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"ஒற்றைப்படை" என்றார் உடனே.

அவரோடு அவர் மனைவி வந்திருந்தாள். ஒல்லியான உடம்பு, உரத்த குரல். வார்டில் அவள் நுழைந்த அன்றே எங்கள் ஆஸ்பத்திரியின் வெண்ணெய் மானம் போயிற்று. கிட்னி நின்றவர்களுக்குப் பருப்பு, பால் எதுவும் கொடுக்கக் கூடாது. தெம்புக்கு வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுப்பது அந்த நாள் வழக்கம். நான் ஒரு உருண்டையைக் கொண்டுபோனேன். அவள் வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க அம்மிணி, இது வெண்ணெய்ன்னு யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"ஆஸ்பத்திரி சமையல்கட்டுல கொடுத்தாங்க."

"டால்டாவுல மஞ்சத்தூளக் கலந்திருக்காங்க. இதத் தின்னாக் கிட்னி என்னத்துக்குங்க, நல்லாருக்கறவனுக்கும் எல்லாமே நின்னு போகும். நாளைக்கு நான் கொண்டாறனுங்க."

மறுநாள் ரயிலில் மகளிடம் சொல்லி அனுப்பி, வாழையிலையில் பொதிந்து வெண்ணெய் வந்தது. பாவம், அந்த மனிதருக்கு வெண்ணெயைப் பார்த்தாலே குமட்டியது. வாழ்நாள் முழுக்க அதன் மணத்திலேயே இருந்தவர். அவள் மிரட்டி மிரட்டி ஊட்டினாள்.

மருந்து சின்னச் சின்ன ஆம்பூலில் வரும். ஒரு வேளைக்குப் பன்னிரண்டு ஆம்பூலை ரம்பம் வைத்து அறுத்து உடைத்து, பெரிய கண்ணாடி சிரிஞ்சில் உறிஞ்ச வேண்டும். என் கட்டை விரலில் எப்போதும் கண்ணாடிக் கீறல் இருக்கும். முதல் இரண்டு நாள் ஊத்துக்குளிக்காரருக்கு அசையவில்லை. நாலு அவுன்ஸ் வந்தது; அதுவும் கலங்கல். யூரியா ஏறியது, விக்கல் ஆரம்பித்தது. அந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது கோயம்புத்தூருக்கு அனுப்புவது. அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றில் குழாய் போட்டு, மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு வெளியே எடுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிற வசதி வந்திருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து அதற்கு முன்னால் ஆட்களை அனுப்பியிருக்கிறோம். சோதனை ஆரம்பித்த பிறகு யாரையும் அனுப்புவது நின்றுவிட்டது. அங்கே போனால் மூத்திரம் வந்தது எதனால் என்று சொல்ல முடியாதாம். ஆள் பிழைத்தது எதனால் என்பதைத் தெரிந்துகொள்ள, ஆள் பிழைப்பதைத் தள்ளிப் போட்டார்கள்.

மூன்றாம் நாள் பகல் பதினோரு மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார், டை ஆளோடு. இருவரும் கோயம்புத்தூரில் ஏதோ சாப்பாட்டுக்குப் போகிற அவசரம்.

"டபுள் பண்ணு" என்றார்.

இருபத்துநாலு ஆம்பூல். நான் உடைத்து முடிப்பதற்குள் அவர் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். ஊசியை நரம்பில் ஏற்றி மெதுவாகத் தள்ள ஆரம்பித்தேன்.

"என்ன சிஸ்டர், எறும்பு ஊர்ற மாதிரி? தள்ளுங்க. எனக்கு ரியாக்‌ஷன் பாத்துட்டுப் போகோணும்."

நான் தள்ளினேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தில் மெதுவாகச் செலுத்த வேண்டும் என்று போட்டிருந்தது. அதை நான் அன்று படித்திருக்கவில்லை, பிறகுதான் படித்தேன். படித்திருந்தால் தள்ளியிருக்க மாட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பெரிய டாக்டர் எழுதுகிற கட்டுரை மாதிரிதான். அவர் சொன்னால் படித்திருந்தாலும் தள்ளியிருப்பேன்.

சிரிஞ்சு காலியாவதற்குள் அந்த மனிதர் தலையைத் தூக்கினார்.

"அம்மிணி, காதுக்குள்ள மில்லுச் சங்கு ஊதறாப்பல இருக்குதுங்க."

"என்ன சொல்றான்?" என்றார் பெரிய டாக்டர்.

"காது இரைச்சலாம் சார்."

"பலவீனம். எவ்வளவு வருதுன்னு பாருங்க." இருவரும் படியிறங்கிப் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் குடுவையில் பத்து அவுன்ஸ் வந்தது. மறுநாள் காலை அவர் மனைவி அவரிடம் ஏதோ கேட்டாள், அவர் அவள் வாயையே பார்த்தார். அவள் மறுபடி கேட்டாள். அவர் தன் காது இரண்டையும் கையால் தட்டிப் பார்த்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார்: "ஏன் எல்லாரும் பேசாம இருக்கறீங்க?"

அவள் முகம் அப்போது ஆன மாதிரி நான் வேறு எவர் முகமும் ஆகிப் பார்த்ததில்லை.

பெரிய டாக்டர் பத்து மணிக்கு வந்தார். முதலில் குடுவையைப் பார்த்தார். பத்து அவுன்ஸ் என்றதும் முகம் மலர்ந்தது. காது கேட்கவில்லை என்று சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு கேஸ் ஷீட்டை வாங்கி, நான் முந்தின நாள் 'ஊசியின்போது காதில் இரைச்சல்' என்று எழுதியிருந்ததை ஒரே கோட்டில் அடித்தார். தொழில் என்று இருந்த இடத்தில் 'விவசாயம்' என்பதையும் அடித்து, 'தறித் தொழிலாளி' என்று எழுதினார். கீழே, 'தறிச் சத்தத்தால் நெடுநாளாகக் காது மந்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் சாமளாபுரத்து நெசவுக் குடும்பத்துப் பெண். என் பெரியப்பா மில்லின் தறிக்கூடத்தில் இருபது வருஷம் நின்றவர். தறிச் சத்தத்தில் காது போவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முதலில் குருவிச் சத்தம் போகும், அப்புறம் குழந்தைகள் பேசுவது போகும், வருஷக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். பதினோரு மணிக்குக் கேட்ட காது மறுநாள் விடிவதற்குள் தறியில் போகாது. அதுவும் தறியே இல்லாதவருக்கு.

"சார், இவர் எருமை வெச்சிருக்கறவருங்க" என்றேன்.

"திருப்பூர்ப் பக்கம் எவன் தறி ஓட்டல?" என்றார். அவ்வளவுதான் விசாரணை.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நான் ஒரு காகிதம் எடுத்து, எந்த நாள் எத்தனை ஆம்பூல், எத்தனை நிமிஷத்தில், எவ்வளவு மூத்திரம், யூரியா எவ்வளவு, காது எப்போது என்று எல்லாவற்றையும் எழுதினேன். வீரம் எதுவும் இல்லை. அடியில் பெயர் போடவில்லை. அந்த அளவுக்குத்தான் எனக்குத் தைரியம். மனைவியைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கையில் கொடுத்தேன்.

"கோயம்புத்தூருக்குக் கொண்டு போங்க. இத அங்க டாக்டர்கிட்டக் காட்டுங்க. இன்னைக்கே போங்க."

அவள் காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நேராக வார்டுக்குள் போய்ப் புருஷனைத் தூக்கி உட்கார வைத்தாள். டியூட்டியில் இருந்த சின்ன டாக்டர் ஓடி வந்து, "ட்ரீட்மெண்ட் முடியலீங்க, பெரியவரக் கேக்காமப் போகக் கூடாது" என்றார்.

"அவருகிட்டச் சொல்லிப்போடுங்க" என்றாள். "எங்கூட்டுக்காரரு காதக் குடுத்துட்டுப் போறாரு. கிட்னியாவது எங்களுக்கு இருக்கட்டும்."

வெளியே பனியன் மூட்டை ஏற்றி கோயம்புத்தூருக்குப் போகிற வேன் ஒன்றை அவளே போய்ப் பேசி நிறுத்தினாள். மூட்டைகளை நகர்த்தி, மேலே படுக்க வைத்தார்கள். வெள்ளை பனியன் மூட்டைகளுக்கு நடுவே விக்கிக்கொண்டு அவர் போனது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. பெரிய டாக்டர் வந்து தகவல் தெரிந்ததும், 'வைத்திய ஆலோசனையை மீறிச் சென்றார்' என்று எழுதினார். அதற்குப் பக்கத்தில், சிவப்பு மையில், 'மருந்துக்கு நல்ல பலன்: மூத்திரம் பத்து அவுன்ஸ்' என்றும் எழுதினார். ஆள் போனாலும் அவர் மூத்திரத்தை விட இவருக்கு மனசில்லை.

மாநாடு நடந்தது. கோட்டு நன்றாகப் பொருந்தியதாகச் சொன்னார்கள். திரும்பி வந்ததும் ஆஸ்பத்திரிக் கமிட்டி அவருக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தது. மில் முதலாளி ஒருவர் பொன்னாடை போர்த்தி, "நம்மூர்ப் பேரை மெட்ராஸ் வரைக்கும் கொண்டு போய்ட்டாருங்க" என்றார். எதைக் கொண்டு போனார் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் பொன்னாடையைக் கொஞ்சம் தள்ளி நின்று போர்த்தியிருப்பார். நாங்கள் நர்ஸுகள் எல்லோரும் வரிசையாக நின்று கை தட்டினோம். நானும் தட்டினேன்.

நாலு மாதம் கழித்து, புறநோயாளிகள் கூட்டம் நிறைந்த ஒரு காலையில், ஊத்துக்குளிக்காரரும் மனைவியும் நடைக்குள் வந்தார்கள். ஆள் இளைத்திருந்தார், ஆனால் நடந்து வந்தார். கோயம்புத்தூரில் வயிற்றில் குழாய் போட்டு மூன்று தடவை சுத்தம் செய்தார்களாம். பத்துப் பன்னிரண்டு நாளில் கிட்னி திறந்துகொண்டதாம். ஒரு காது கொஞ்சம் திரும்பியிருந்தது. பக்கத்தில் நின்று உரக்கச் சொன்னால் கேட்கும். இன்னொன்று போனது போனதுதான் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

"பெரிய டாக்டரப் பாக்கோணுங்க" என்றாள் அவள் என்னிடம். "காது எப்படிப் போச்சுன்னு அவரு வாயால கேக்கோணும்."

நான் தடுத்திருக்கலாம். உள்ளே கூட்டிப்போனேன். அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. வெளியே பெஞ்சிலும் தரையிலும் நாற்பது ஐம்பது பேர்.

பெரிய டாக்டர் அவரை அடையாளம் கண்டுகொண்டது முகத்திலேயே தெரிந்தது. எழுதுவதை நிறுத்தாமல், மெல்லிய குரலில், "அது தறிச் சத்தத்துல வந்தது" என்றார்.

"என்னங்க சாமி?" என்றார் அந்த மனிதர், கையைக் காதில் குவித்துக்கொண்டு. "கேக்கலீங்க."

"தறி... தறிச் சத்தம்."

"இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சாமி. இந்தக் காதுல சொல்லுங்க."

வேறு வழியில்லை. பெரிய டாக்டர் எழுந்து, அவர் காதருகே வாயைக் கொண்டுபோய்க் கத்தினார்: "தறிச் சத்தத்துல போச்சு! தறி ஓட்டினா அப்படித்தான்!"

வெளியே பேச்சு நின்றது. அவர் மனைவி கதவுப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். டாக்டருக்கு அல்ல, அந்தக் கூட்டத்துக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகப் பேசினாள்.

"ஏனுங்க, எங்கூட்டுக்காரரு தறியக் கிட்டப் போய்ப் பாத்ததுகூட இல்லீங்க. நாங்க எருமை வெச்சிருக்கறவங்க. ஏழு எருமை. எருமை கத்தற சத்தத்துல மனுசனுக்குக் காது போகுங்களா? நீங்களே சொல்லுங்க."

முதலில் ஒரு கிழவர் சிரித்தார். பிறகு பெஞ்சு பூராவும் சிரித்தது. குழந்தைக்கு ஊசி போட வந்த ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பெரிய டாக்டர் மணியை அடித்தார். வாட்ச்மேன் வந்து, அவனும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். அந்த ஆஸ்பத்திரியில் அவருக்குக் கிடைத்த நேர்மையான பாராட்டுக் கூட்டம் அது ஒன்றுதான்.

அவர்களை வெளியே வேப்பமரம் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். அவள் நின்று, "அம்மிணி, அந்தக் காயிதம் இல்லீன்னா இவரு இல்லீங்க. கோயம்புத்தூர்ல அதப் பாத்துட்டுத்தான் அந்த ஊசியே வேண்டாம்னு சட்டுனு குழாய் போட்டாங்க" என்றாள்.

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு நான் உள்ளே போயிருக்கலாம். அவரைப் பார்த்து, "அந்த ஊசியப் போட்டது நான்தாங்க. வேகமாப் போட்டேன்" என்றேன்.

"என்னங்க அம்மிணி?" என்று அவர் கையைக் காதில் குவித்தார்.

சற்று முன் பெரிய டாக்டர் கத்தியதைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. இப்போது என் முறை. மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, அவர் காதுக்கு அருகே போய், "ஊசிய நான்தான் வேகமாப் போட்டேனுங்க! தப்பு என்னுதுங்க!" என்று கத்தினேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் முகம் இறுகிவிட்டது. அதுவரை என்மேல் இருந்த கனிவு வடிந்துபோவதை நான் பார்த்தேன். அது நியாயம்தான்.

"இனிமே வர்றவங்களுக்கு மெதுவாப் போடுங்க" என்றார் அவர், சாதாரணமாக. "அவரு கடியாரத்தப் பாத்தா, நீங்க பாக்காதீங்க."

பாசஞ்சருக்கு நேரமாயிற்று என்று இரண்டு பேரும் ஸ்டேஷன் பக்கம் நடந்தார்கள்.

சோதனை அதற்குப் பிறகு நிறைய நாள் ஓடவில்லை. கட்டுரை கையில் கிடைத்துவிட்டதால் கம்பெனிக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. டை ஆள் அடுத்த ஊருக்குப் போனார். பெரிய டாக்டருக்கு மூத்திரத்தின் மேலிருந்த பிரியம் தணிந்து, கைக்குட்டை மூக்குக்குத் திரும்பியது. நோயாளிகளை மறுபடி கோயம்புத்தூருக்கு அனுப்பினோம். பல வருஷம் கழித்து என்னோடு வேலை பார்த்த ஒரு இளம் டாக்டர், அந்த மருந்து மூத்திரத்தைத்தான் கூட்டும், நின்ற கிட்னியை எழுப்பாது, ஆளையும் கூடுதலாகப் பிழைக்க வைக்காது என்று ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள் என்றார். எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஜின்னிங் பேக்டரிப் பெண் தட்டு நிறைய மூத்திரம் பெய்து, அதைப் பதினோராம் நாளே சொல்லிவிட்டுப் போனாள். நாங்கள்தான் அவள் மேல் கோடு கிழித்தோம்.

நான் அந்த ஆஸ்பத்திரியை விட்டு விலகவில்லை. விலகினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அங்கேயே இன்னும் ஒன்பது வருஷம் இருந்தேன். அதே மருந்தை இருதயக்காரர்களுக்கு எத்தனையோ தடவை போட்டேன். மெதுவாகப் போட்டேன். "என்ன சிஸ்டர், இன்னுமா?" என்று பெரிய டாக்டர் கேட்பார். "இன்னும் இருக்குதுங்க சார்" என்பேன். அவருக்கு என்னோடு வாக்குவாதம் செய்ய முடியவில்லை, ஏனென்றால் நான் அதை வார்டே கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொல்வேன்.